வீட்டுக்கு ஒரு நாற்காலி

அந்த ஊருக்கு எதுவும் வராது என்பது ஊராருக்கே நன்றாகத் தெரியும். ஆலை வந்தது, நாலு வருடத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டது. பெரிய கடை வரும் என்றார்கள், பெயர்ப்பலகை மட்டும் வந்தது. படித்த பிள்ளைகள் வேலை தேடி ரயிலேறிப் போவார்கள். அதற்கப்புறம் அவர்களுடைய போட்டோக்கள்தான் ஊருக்கு வரும்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கால்பந்து அணி வரப்போகிறது என்றால் யார்தான் நம்புவார்கள்? எல்லோரும் நம்பினார்கள். வினையே அதுதான்.

அது தெருவில் ஆடும் அணி இல்லை. சம்பளம் வாங்கும் வீரர்கள் ஆடும் அணி, டிவியில் காட்டும் பெரிய லீக்கில் சேரப்போகும் புது அணி. அதற்குச் சொந்த ஊர் ஒன்று வேண்டுமாம். இந்த ஊரையும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

இந்தச் செய்தியைக் கேட்டு ஊரிலேயே அதிகமாகக் குதித்தவர் வாலுவின் அப்பா. வாலு என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவுக்கு நகராட்சி மைதானத்தில் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, வெள்ளைக் கோடு போடுவது எல்லாம் அவர்தான். செருப்போடு யாராவது புல்லில் கால் வைத்தால் போதும், மைதானத்தின் மறுகோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவருவார்.

"அந்த மனுஷனுக்கு மூத்த பிள்ளை புல்லுதான். நீ ரெண்டாவது" என்பாள் அம்மா. அவள் தெருமுனையில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவள். அவள் பேச்சும் பெட்டி மாதிரியே கொஞ்சம் சுடும்.

லீக்காரர்கள் மேயருக்குப் போன் செய்து, "உங்க மைதானத்துல எத்தனை பேர் உட்கார முடியும்?" என்று கேட்டார்கள்.

மேயருக்கு வாய் நீளம். "எத்தனை பேர் வேணும்னாலும் உட்காரலாம்!" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு வியர்த்தது. மைதானத்தில் இருந்ததெல்லாம் ஒரு பக்கம் மட்டும் கட்டிய, பாதி இடிந்துபோன சிமெண்ட் படிகள். புதிதாகக் கட்ட நேரமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வீட்டுக்கு ஒரு நாற்காலி!" என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார்கள்.

ஊரே நாற்காலியோடு கிளம்பியது. மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் ஆடும் நாற்காலி எல்லாம் வந்தன. சலூன்காரர் தன்னிடம் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேயர் சிவப்பு மெத்தை வைத்த தன் நாற்காலியையே அனுப்பினார். படிகளில் வைத்துப் பார்த்தார்கள். படி குறுகல். நாற்காலிகள் குப்புற விழுந்தன.

"புல்லு மேல போடலாமே. ஒரு நாள்தானே?" என்றார் ஒருவர்.

அதைச் சொன்னது யார் தெரியுமா? அப்பாதான். ஆசை வந்தால் மனிதனுக்குக் கண் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். அவரே கயிறு பிடித்து, வரிசை பார்த்து, இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரை நாற்காலிகளை அடுக்கினார். முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியா வாலு? எவ்ளோ பேர் உட்காரலாம் பாரு!"

வாலுவும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவளுக்கும் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் லீக்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், குடை வைத்திருந்த ஒருவர். மேயர் முன்னால் நடக்க, ஊர் முழுவதும் படிகளில் நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த அம்மாள் நாற்காலிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். எல்லாரும் இங்க உட்கார்ந்துட்டா, ஆட்டம் எங்க நடக்கும்?"

மேயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலிகளைப் பார்த்தார். 

அப்போது படிகளில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது வாலுவின் சிரிப்பு. கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு படிகளில் நின்ற ஊர் முழுவதும் சிரித்தது. குடைக்காரர்கூடத் திரும்பி நின்று சிரித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து, முதலில் சிரித்தது யார் என்று பார்த்தார். வாலுவின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரமே வானொலியில் சொன்னார்கள். அணி அக்கரை ஊருக்குப் போய்விட்டது.

"மைதானத்தைப் பத்தி மைதானக்காரருக்குத்தானே தெரியணும்?" என்று மேயர் கையை விரித்தார். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

அப்பா வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வாலுவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"கோவமா இருக்காராம்மா?"

"கோவம்னா ரெண்டு சத்தம் போட்டுத் தீர்ந்துரும். இது வேற. விட்டுரு, தானா வருவார்" என்றாள் அம்மா. ஆனால் சட்டைக் கையில் பெட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனாள். அம்மா இதுவரை ஒரு துணியைக்கூடக் கருக்கியதில்லை.

நாற்காலிகள் மைதானத்திலேயே கிடந்தன. எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. நாற்காலியோடு தெருவில் நடந்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்களே! சலூன்காரர் ஆட்களை நிற்கவைத்தே முடி வெட்டினார். எதிர்வீட்டுக்காரர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இதுதான் முதுகுக்கு நல்லது என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். "நம்ம ஊருக்கு எது வந்துச்சு, இது வர?" என்பதுதான் எங்கே போனாலும் பேச்சு.

பள்ளி விட்டதும் வாலு மைதானத்துக்குப் போனாள். ஒரு நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். அடியில் புல் வெளுத்து மஞ்சளாகிக் கிடந்தது. அடுத்ததன் அடியிலும் அப்படித்தான்.

அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, புல்லு மஞ்சளாவுதுப்பா!"

"ஆகட்டும்."

"செத்துரும்ப்பா!"

"சாகட்டும்" என்றார் அப்பா சுவரைப் பார்த்தபடியே.

வாலுவுக்குப் பயமாக இருந்தது. இதைச் சொன்னது தன் அப்பாதானா என்று குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கிணற்றடிக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைதானத்துக்கு நடந்தாள்.

முதலில் தங்கள் வீட்டு நாற்காலியைத் தேடி எடுத்தாள். கையில் தூக்கினால் காலில் இடித்தது. கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டாள். முதுகுச் சாய்வு முகத்துக்கு முன்னால் தொங்கியது. தரையும் தன் கால்களும் மட்டுமே தெரிந்தன. எதிரே வந்த வகுப்பு டீச்சர், "யார் வீட்டுப் பிள்ளை இது, பாவம்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

வாலு நின்றாள். தினமும் தன்னைப் பார்க்கும் டீச்சருக்கே தன்னை அடையாளம் தெரியவில்லையே!

நாற்காலியை வீட்டில் வைத்துவிட்டு நேராகச் சலூனுக்குப் போனாள்.

"மாமா, உங்க நாற்காலி வெயில்ல காயுது. வந்து எடுத்துக்கங்க."

"போ வாலு. நான் அதைத் தூக்கிட்டு வந்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"யாரு போறாங்கன்னு தெரிஞ்சாத்தானே சிரிப்பாங்க? கவுத்துத் தலையில வச்சுக்கங்க. மூஞ்சியே தெரியாது. டீச்சருக்கே என்னைத் தெரியல!"

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அன்று காலையிலிருந்து நிற்பவர்களின் தலைக்கு எட்டி எட்டி வெட்டி அவருக்குக் கையும் வலித்திருந்தது. "பெரிய ஆளுதான் நீ" என்று சொல்லிக்கொண்டே கடையைச் சாத்தினார்.

ஒரு நாற்காலி தெருவில் நடந்து போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாளியிலிருந்து எழுந்தார். அவரிடமும் வாலு விஷயத்தைச் சொன்னாள். அப்புறம் அவள் யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் நாற்காலிகள் நடந்தன. தலை இல்லை, முகம் இல்லை, வெறும் நாற்காலிகளும் கால்களும்தான். இரண்டு நாற்காலிகள் முட்டிக்கொண்டன.

"யாருங்க அது?"

"யாருமில்லீங்க. நீங்க?"

"நானும் யாருமில்லீங்க."

சிவப்பு மெத்தை நாற்காலி ஒன்றும் சந்து வழியாக அவசர அவசரமாகப் போயிற்று. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஆனால் எல்லோரும் தங்கள் நாற்காலிக்குள் இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மைதானம் காலியானது. காலியான பிறகுதான் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. பச்சைக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள். கட்டத்துக்கு நாலு குழி.

வாலு வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்கப்பா. வாங்க, வந்து பாருங்க."

அப்பா திரும்பினார். எத்தனையோ நாள் கழித்து இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"என்னால அந்தத் தெருவுல நடக்க முடியாது வாலு. எல்லாரும் என்னையேதான் பாப்பாங்க."

"பாக்க முடியாதுப்பா. இதைப் போட்டுக்கங்க."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "புள்ள சொல்றதைக் கேளுங்க" என்றாள். சூடே இல்லாத குரலில் சொன்னாள்.

அப்பா எழுந்தார்.  வாலு நாற்காலியை அவர் தலையில் கவிழ்த்து, அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் கிளம்பிய நாற்காலிகள் மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, இந்த ஒரு நாற்காலி மட்டும் மைதானத்தை நோக்கிப் போனது. நாற்காலிக்குக் கீழே தெரிந்த கால்கள், வருடக்கணக்காகப் புல் வெட்டி நகத்தோரம் பச்சைக் கறை ஏறிய கால்கள். அது யாருடைய கால் என்று ஊரில் யாருக்குத்தான் தெரியாது? எதிரே வந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன.  யாரும் சிரிக்கவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் அப்பா நாற்காலியை இறக்கினார். பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் புது அணியை வரவேற்றுப் பட்டாசு வெடிக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது.

"சிரிச்சதுக்கு மன்னிச்சிருங்கப்பா" என்றாள் வாலு. "அடக்கத்தான் பாத்தேன். முடியல."

அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்தார். வேரைக் கிள்ளிப் பார்த்தார். 

"அந்தம்மா கேட்டுச்சே" என்றார் கடைசியில், "எல்லாரும் இங்க உட்கார்ந்துட்டா ஆட்டம் எங்க நடக்கும்னு..."

"ம்."

"எனக்கும் சிரிப்பு வந்துச்சு வாலு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

வாலு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தாள். ஆனால் அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் நிற்காமல் சிரித்தார். வாலுவும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனார்.