வலப்பக்க மாஸ்க்

விசையிலிருந்து கையை எடுத்த பிறகும் அந்த 'உஸ்' நிற்கவில்லை.

பகல் பன்னிரண்டரை மணி வெயில் கண்ணாடி வழியே விமானி அறைக்குள் இறங்கி, இருக்கைத் தோலின் வாசனையையும் ரப்பரின் வாசனையையும் சூடாகக் கிளப்பிக்கொண்டிருக்க, மெக்கானிக் இடப்பக்க ஆக்ஸிஜன் மாஸ்க்கைச் சோதித்து முடித்திருந்தான். விசையை அமுக்கினால் காற்றின் சீறல் மாஸ்க்கின் மைக் வழியாக ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், கேட்டது. கையை எடுத்தால் அடங்க வேண்டும். அடங்காமல், தலைக்கு மேலே மெல்ல இழுபட்டு, நின்று, திரும்ப வந்தது.

மூச்சு.

வலப்பக்க மாஸ்க்கிலிருந்து. அதன் பெட்டியோ மூடியேதான் இருந்தது.

'ரேடியோ'வின் குறும்பு என்றுதான் முதலில் நினைத்தான். ஓயாத வாயால் அந்தப் பெயரை வாங்கிய சக மெக்கானிக். நேற்று வேறொரு விமானத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றியபோது அவசரப்படுத்தியதும் அந்த ரேடியோதான். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எவ்வளவு நேரம்டா அந்த மாஸ்க்கையே பாப்ப? ஒரு அமுக்கு, ஒரு கையெழுத்து. வா, பசிக்குது."

ஒரே ஒரு அமுக்கு. சீறியது. மீட்டரின் முள் முழு அளவைக் காட்டியது. கையெழுத்துப் போட்டான்.

சிலிண்டர் வால்வு?

கசிவு பார்க்கத் திறந்தது நினைவிருந்தது. மூடியதும் நினைவிருந்தது. மறுபடி திறந்தது மட்டும், மண்டையைக் குடைந்தும் கிடைக்கவில்லை. வால்வு மூடியிருந்தாலும் குழாயில் தங்கிய மிச்சக் காற்று முள்ளைத் தூக்கிப் பிடிக்கும். ஒரு விநாடி சீறவும் செய்யும். விடாமல் அமுக்கிப் பிடித்தால்தான் குட்டு உடையும்.

அந்த விமானம் கிளம்பி ஒரு மணி நேரமாகிறது. அதன் துணை விமானி, இவன் தங்கை. அவளுக்கு வலப்பக்க இருக்கை. உயரத்தில் விமானத்தின் காற்றழுத்தம் போனால் அந்த மாஸ்க்தான் அவளுக்கு மூச்சு.

சொல்லியாக வேண்டும். இப்போதே. ஆக்ஸிஜன் வேலைக்குப் போன் கூடாது என்பதால் அது கீழே, ஏணியடித் தட்டில் கிடந்தது. கதவுக்குப் பாய்ந்தான். பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். சுவர் போல் நின்றது. பக்கவாட்டு ஜன்னலின் பிடியை இழுத்தான். அதுவும் அப்படியே.

ஸ்பீக்கரில் மூச்சு வேகமெடுத்தது.

கண்ணாடியில் அறைந்தான். கீழே ரேடியோ நிமிர்ந்து, இவன் சாப்பாட்டுக்குத்தான் பறக்கிறான் என்று நினைத்து வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். மெக்கானிக் காதருகே கையை வைத்துப் போன், போன் என்று சைகை செய்ய, ரேடியோ சாவகாசமாகத் தட்டிலிருந்து அதை எடுத்தான். யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள் போலும். காதில் வைத்தான்.

சிரிப்பு செத்தது.

"அண்ணா," என்றது ஸ்பீக்கர். "காத்து வரலண்ணா. நீதானே செக் பண்ணே?"

ரேடியோ மேலே பார்த்தான். இவனை அல்ல. இவனுக்குப் பக்கத்தில். ஓரடி பின்வாங்கினான். இன்னோரடி.

மெக்கானிக் திரும்பினான்.

வலப்பக்க இருக்கையின் பட்டைகள் வெறும் காற்றைச் சுற்றி இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தன. ஏறின. இறங்கின. ஏறின.

இறங்கவில்லை.