பன்னிரண்டாவது இழுப்பறை

சாமான் போதவில்லை என்று ஆசாரி சிங்காரவேலு விட்டுப்போன பன்னிரண்டாவது இழுப்பறையும், மற்ற பதினொன்றைப் போலவே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

சின்னதுரை அதை முதலில் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். சிமெண்டு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு மரச்சாமான்கள் தன்னைப் பார்த்து ஒழுங்கு கற்றுக்கொள்வதில் அவருக்கு ஆச்சரியமில்லை. ரெட்டிபாளையத்திலேயே இழுப்பறைகள் தானாக மெல்ல மூடும் சாஃப்ட் குளோஸ் வைத்த முதல் அடுப்படி தன்னுடையது என்று அவரே ஆராய்ந்து அவரே அறிவித்திருந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட, ஓர் இழுப்பறையை ஓங்கித் தள்ளி, அது கடைசியில் தயங்கி நின்று மெல்ல உள்ளே போவதைப் பார்த்து, ‘அடேயப்பா’ சொன்ன பிறகுதான் காப்பியைப் பார்க்க முடியும்.

உண்மைக் காரணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி அனுசுயா வாய்ச்சண்டை போடாதவள். கரண்டி இழுப்பறையை அறைந்து சாத்தினால் சின்னக் கோபம். தட்டு இழுப்பறை என்றால் இரண்டு நாள் பேச்சு கிடையாது. மசாலா இழுப்பறை என்றால் ராத்திரி சாப்பாடே கிடையாது. தெருமுனைவரை கேட்கும். சுண்ணாம்புச் சுரங்கத்தில் வைக்கிற வெடி என்று அவர் விருந்தாளிகளிடம் சமாளித்து வந்தார். அந்த ஊரில் சுவர் விரிந்தாலும் பாத்திரம் உருண்டாலும் பழி வெடியின்மேல்தான். ஆனால் வெடி மதியம் ஒன்றரைக்கு ஒரே ஒரு தடவை. அனுசுயாவுக்கு அப்படி நேரங்காலம் இல்லை. ஆகவே பெரம்பலூர் கடையில் மூடும் வேகத்தைத் தணிக்கிற குழாய்களைப் பேனா நீளத்தில் வாங்கிவந்து, இழுப்பறைக்கு ஒன்றாக உள்ளே முடுக்க வைத்தார். ஒன்று குறைந்துபோனது.

மூன்று முறை அடித்தும் சிங்காரவேலு போனை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தான்.

“பன்னெண்டாவதுக்கும் போட்டுட்டு சொல்லாம போயிட்டியா?”

“எங்க சார் போட்டேன்? சாமான் வந்தாத்தான போடுறது. வாலிகண்டபுரத்துல வேலை ஓடுது, வியாழக்கிழமை வரேன் சார்.”

“அப்பறம் எப்படிடா அது மெதுவா மூடுது?”

மறுமுனையில் ரம்பத்தை நிறுத்தினான்.

“வெடியில சேனலு வளைஞ்சிருக்கும் சார்,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

எரிச்சலோடு இழுப்பறையைக் காலிசெய்து, முழுதாகக் கழற்றி வெளியே வைத்தார். இழுப்பறை ஓடுகிற பழைய இரும்புச் சேனல்தான், வளைவும் இல்லை, குழாயும் இல்லை. துருவும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும், அவற்றின் பின்னால் எப்போதும் வெயில் படாத சுவரும் இருந்தன. அந்தச் சுவரிலிருந்து புதிதாக வெட்டிய சுண்ணாம்புக் குழியில் மழை நின்றதுபோல ஒரு குளிர்ந்த வாடை வந்துகொண்டிருந்தது. திரும்பப் பொருத்தித் தள்ளினார். தயங்கியது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அங்கே விறைப்பு இல்லை. அவருடைய அழுத்தத்துக்குச் சரியாக அதே அளவு அழுத்தம், மறுபக்கத்திலிருந்து யாரோ பொறுமையாகக் கையை வைத்ததுபோல. அவர் தளர்த்தினார். அதுவும் தளர்த்தியது.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அனுசுயா பின்னால் நின்றிருந்தாள். “உள்ள யாரோ புடிச்சு விடறாப்ல இருக்குங்க. காலையிலேர்ந்தே.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அதுகிட்ட போகாத’ என்றாவது சொல்லியிருக்கலாம். பதினொரு இழுப்பறைகளுக்கு நின்று விளக்கம் சொன்ன மனிதர் பன்னிரண்டாவதற்கு முழிப்பதா?

“காத்தழுத்தம்,” என்றார். “உனக்குப் புரியாது.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கரண்டி இழுப்பறையை ஓங்கி அறைந்தாள். அது மரியாதையாக மூடிக்கொண்டது. தட்டு. மசாலா. எல்லாமே மரியாதையாக.

“முப்பது வருசமா எனக்குன்னு பேசுனது இது ஒண்ணுதான். அதையும் வாயடைச்சுட்டீங்க.”

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவள் இன்னும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள் என்று அடுப்படி வாசல் வழியே தோள்களின் அசைவில் தெரிந்தது. சத்தமாகத் தெரியவில்லை. சுரங்கத்தில் சங்கு ஊதியது. ஒன்றரை. வழக்கமாக ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்கும், பரணில் அண்டா முனகும், எதிர்வீட்டு நாய் குரைக்கும். இன்று தரை மட்டும் உள்ளங்காலில் நடுங்கியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தார்.

காதில் எதுவும் விழவில்லை.

மின்விசிறியின் கிரீச்சும் இல்லை. நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“அனுசு.”

தொண்டை அதிர்ந்தது. குரல் வரவில்லை.

எழுந்து அடுப்படிக்கு ஓடினார்.

உள்ளே என்னதான் பிடிக்கிறது என்று பார்க்கக் கையை விட்டிருக்கிறாள். பன்னிரண்டாவது ஒரு சாண் திறந்திருந்தது. அதற்குள் அவள் கை முழங்கை வரை. ஒரு முழ ஆழம்கூட இல்லாத இழுப்பறை. கை தோள்வரை போனது. இன்னொரு கையால் கிரானைட் மேடையை அடித்தாள். அடித்தாள். அடித்தாள். வளையல் உடைந்து தெறித்தது. சத்தமில்லை. கழுத்து நரம்பு புடைக்க அலறிக்கொண்டிருந்தாள். சத்தமில்லை.

இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்த அளவே அதுவும் இழுத்தது. தயங்கியது. அவர் பலம் தீரட்டும் என்று காத்திருந்தது.

தீர்ந்தது.

தோள். பின்னல். கன்னம்.

இடுக்கில் ஒரு கண் மட்டும் மிச்சமிருந்தது. மூடாமல், அவரையே பார்த்தபடி, நசுங்காமல், அடிபடாமல், மெல்ல, மிக மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.