சுவரோரக் கைப்பிடி

மலேசியாவில் பீடோர் என்ற சிற்றூரைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்தத் தோட்டம். தோட்டம் என்று பேச்சுக்குச் சொல்வதுதான். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து முப்பது வருடமாகிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடமும் தெரியவில்லை. மிச்சமிருப்பது மேட்டின்மேல் நிற்கும் வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றுதான். அதை ஒரு கோலாலம்பூர் முதலாளி வாங்கித் தங்கும் விடுதியாக்கப் போகிறார். அதற்குப் படம் போட வேண்டும், படம் போட அளவு வேண்டும். அளவெடுக்க, படம் வரைகிற லியோனார்ட்டும் தனேஷும் ஈப்போ ஆபீசிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள்.

லியோனார்ட்டுக்கு அன்றைக்கு வரவே மனசில்லை. மனைவி ஜூலியானாவுக்கு எட்டு மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்துபோன வயிறு. மூன்றாவதாவது நல்லபடியாகக் கைக்கு வந்து சேரட்டும் என்று மாதா கோயிலில் முழங்கால் வலிக்க வலிக்கக் கிடந்தவன் அவன். காலையில் கிளம்பும்போதுகூட, "ஏழாவது படியில பார்த்து எறங்கு ஜூலி," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் வந்தான். ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில் அவர்கள் வாங்கிய வரிசை வீட்டில் மொத்தம் பதினாறு படி. அதில் ஏழாவது மட்டும் ஓர் அங்குலம் உயரம் கூட. கட்டினவன் தூங்கிக்கொண்டே கட்டியிருப்பான் போல. பிழைப்புக்காக ஊரார் வீட்டு மாடிப்படியெல்லாம் வரைகிறவனுக்குச் சொந்த வீட்டில் இப்படி வாய்த்தால் எரிச்சல் வருமா வராதா?

பங்களாவைக் காவல் காக்கும் சன்னாசி கதவைத் திறந்துவிட்டார். எழுபது வயது இருக்கும். உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி, ஊறிப்போன பலகை வாசனை. அதற்கு நடுவில் சம்பந்தமே இல்லாமல் தேங்காய் எண்ணெய் மணம்.

மணம் மாடிப்படியிலிருந்து வந்தது. திறந்த பக்கம் வழக்கமான ரேலிங், தூசி படிந்து கிடந்தது. சுவர்ப்பக்கம் இன்னொரு கைப்பிடி. அது மட்டும் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. ஆனால் உயரம்தான் இடித்தது. லியோனார்ட் குனிந்து அளந்தான். படியிலிருந்து ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அவன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

"இது யாருக்குண்ணே, இவ்ளோ குட்டையா?"

"பழைய காலத்து வேலை தம்பி," என்றார் சன்னாசி.

லியோனார்ட் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"தம்பி." பெரியவரின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "எண்ணணும்னா மனசுக்குள்ள எண்ணுங்க. சத்தமா வேணாம்."

லியோனார்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. வயசானவரிடம் வம்பு வேண்டாமென்று மனசுக்குள்ளேயே எண்ணினான். பத்தொன்பது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சன்னாசி பின்கட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. லியோனார்ட் டேப்பின் முனையைக் குட்டைக் கைப்பிடியின் அடியில் மாட்டிவிட்டு மேலே ஏறினான். முனை நழுவியது.

"மச்சான், கீழ் முனையக் கொஞ்சம் புடி லா!" என்று தனேஷுக்குச் சத்தம் கொடுத்தான்.

டேப் விறைத்தது. ஐந்து மீட்டர் எண்பது. "சரி, விடு," என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதக் குனிந்தான். விட்டால் சடாரென்று சுருண்டு வந்து கையில் அடிக்கும் டேப் அது. இப்போது அப்படி வரவில்லை. கொஞ்சம் சுருண்டது, நின்றது. மறுபடி கொஞ்சம், மறுபடி நின்றது. முனையைப் பிடித்துக்கொண்டே தனேஷ் ஒவ்வொரு படியாக ஏறி வருகிறான் என்று நினைத்தான் லியோனார்ட்.

எழுதி முடித்து எதிரிலிருந்த ஜன்னலைப் பார்த்தான்.

வெளியே, மழையில், குடை பிடித்தபடி தனேஷ் காருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

லியோனார்ட்டின் கையில் டேப் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுருண்டது, நின்றது. கடைசியாக முனை அவன் காலடியில் 'டிக்' என்று விழுந்தது.

எத்தனை தடவை நின்றது என்று அவன் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை.

தனேஷிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பசி மயக்கம் மச்சான். வா, பீடோர்ல வாத்து மீ சாப்டுட்டுப் போலாம்."

ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பயம் தெளிந்துவிட்டது. வேலை அப்படி. எத்தனை படி, என்ன உயரம், என்ன அகலம் என்று கொடுத்தால் மென்பொருள் மாடிப்படியை அதுவாகவே எழுப்பி, இரண்டு பக்கமும் ரேலிங்கையும் அதுவாகவே வைத்துவிடும். சுவர்ப்பக்கம் யாருக்கு வேண்டும்? அதை அழிப்பதுதான் வரைகிறவன் எவனும் முதலில் செய்யும் வேலை, யோசிக்காமலேயே விரல் செய்துவிடும். இந்தத் தடவை லியோனார்ட் அதை அழிக்காமல், உயரத்தை மட்டும் ஐந்நூற்றைம்பது மில்லிமீட்டராக இறக்கி வைத்தான்.

ஆர்க்கிடெக்ட் பெர்னடெட் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "என்னா இது, பூனை ஏறுறதுக்கா? முதலாளி பார்த்தா கத்துவாரு லியோனார்ட். எடுத்துரு."

எடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் படத்தின் கோப்பைத் திறந்தால் கைப்பிடி அங்கேயே இருந்தது. தனேஷ் பழைய கோப்பைப் புதியதன்மேல் சேமித்துவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டு மறுபடி அழித்தான். அதற்கு மறுநாளும் இருந்தது. ஐம்பத்தைந்து சென்டிமீட்டரில், சுவரோரமாக, ஒன்றும் நடக்காத மாதிரி. மூன்றாம் தடவை அழித்துவிட்டு, உடைக்க வேண்டியவற்றுக்கான படத்தில் அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, 'அகற்றவும்' என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினான். அதோடு கைப்பிடி வரவில்லை. சனியன் விட்டது என்றிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பத்து மணி இருக்கும். கோப்பைத் திறந்தான்.

கைப்பிடி வந்திருந்தது.

இந்தத் தடவை அது கடைசிப் படியோடு நிற்கவில்லை. படியிறங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் வழியாக வெளியே போயிருந்தது. லியோனார்ட் காட்சியைச் சிறிதாக்கினான். பங்களா சுருங்கியது, கோடு போய்க்கொண்டே இருந்தது. இன்னும் சிறிதாக்கினான். பங்களா ஒரு புள்ளியாகி மறைந்தும் கோடு முடியவில்லை. வடக்கே, ஈப்போ இருக்கும் பக்கமாக, வளைந்து வளைந்து, ஒரு ரோட்டைப் போல. வெறும் வெள்ளைத் திரையில் அதைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போனான்.

அதன் முனையில் ஒரு மாடிப்படி நின்றது. வீடு இல்லை, சுவர் இல்லை. படி மட்டும்.

அவன் வரைந்ததல்ல. எண்ணினான். பதினாறு. ஏழாவது படியைத் தொட்டு அளவைப் பார்த்தான்.

ஓர் அங்குலம் கூட.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. "ஜூலி! எங்க இருக்க?"

"வீட்லதான். ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" போனில் ஜூலியானா சாதாரணமாகத்தான் பேசினாள். "நானே போன் பண்ணணும்னு இருந்தேன் லியோ. படியில ஆணி கீணி நீட்டிக்கிட்டு இருக்கா பாரு. காலையிலருந்து ரெண்டு வாட்டி கவுனைப் புடிச்சி இழுத்துருச்சி. விழப் பார்த்தேன்."

"கீழயே இரு. நான் வர்ற வரைக்கும் மேல போகாத. சத்தியமா போகாத!"

காரை எடுக்கும்போதே சன்னாசிக்குப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் பெரியவர் சொன்னார்.

"கைப்புடிய எடுத்துட்டாங்க தம்பி. ஒடச்சி நெருப்பும் வச்சிட்டாங்க, நேத்து."

"யாருதுண்ணே அது? சொல்லுங்க. என் பொண்டாட்டி புள்ளத்தாச்சி!"

"முத்தம்மான்னு ஒரு பொம்பள, துரை வீட்ல ஆயா வேலை பார்த்தவ. அவ மக செல்லாயி. அஞ்சு வயசு. பொறந்ததுலருந்தே கண்ணு தெரியாது. மேல அம்மாகிட்ட போய் வரட்டும்னு ஆசாரிய வச்சி அடிச்சிக் கொடுத்த கைப்புடி அது. அதப் புடிச்சிக்கிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி எறங்கும். பத்தொம்பது வந்தா தரைன்னு அதுக்குத் தெரியும்." பெரியவர் இருமினார். "ஒரு வருசம் கிறிஸ்மசுக்கு பங்களாவுக்குச் சாயம் அடிச்சாங்க. கைப்புடியக் கழட்டிட்டாங்க. அந்தப் புள்ளகிட்ட மட்டும் யாரும் சொல்லல."

லியோனார்ட் காரை இன்னும் வேகமாக விட்டான்.

"புள்ள விழுந்து செத்ததுக்கப்புறம் படியில போற பொம்பளைங்க துணியெல்லாம் புடிச்சி இழுத்துச்சாம். மறுபடி கைப்புடி அடிச்சாங்க. நின்னுபோச்சி. எங்கப்பா அங்க தோட்டக்காரரு, அவருதான் எண்ணெ போடச் சொல்லிக் கொடுத்தாரு. அதுக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. புடிச்சிக்க ஏதாச்சும் வேணும். அவ்ளோதான்."

வழியில் இரும்புக் கடையில் நிறுத்தி உருண்டை மரச்சட்டமும் திருகாணியும் வாங்கினான். வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் சுவரில் துளை போட்டு, ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடியை முடுக்கினான். தேங்காய் எண்ணெய் பூசினான். ஜூலியானா சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"புள்ள பொறக்கவே இல்ல, அதுக்குள்ள அது நடக்கக் கைப்புடியா?" அவளுக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? பெற்றெடுத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, தலை நிறைய முடி. ஜூலியானா அதை நெஞ்சில் போட்டுக்கொண்டு அழுத அழுகையில் அவனுக்கு உலகமே மறந்துபோனது. தெரெசா என்று பேர் வைத்தார்கள். கூடத்தில் படிக்கு நேர் எதிரே ஸ்பிரிங் தொட்டில் கட்டினார்கள். கவுனை எதுவும் இழுக்கவில்லை. புதுக் கைப்பிடி மட்டும், யாரும் தொடாமலேயே, நாளுக்கு நாள் வழவழப்பாகிக்கொண்டு வந்தது. லியோனார்ட் அதைப் பார்ப்பான், பேசாமல் எண்ணெய் பூசுவான். சொல்லவில்லை.

டிசம்பர் பதினேழு. ஆபீசில் இருந்தான். பதினொரு மணிக்கு ஜூலியானா கூப்பிட்டாள். குரலில் குதூகலம்.

"உன்கிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன். பாப்பாவோட மொத கிறிஸ்மஸ் இல்ல? அர்ச்சுனன் அண்ணனை வரச் சொல்லி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். படிச்சுவருக்கு லைட் கிரீம். நீ வந்து பார்த்தா அசந்துருவ!"

"கைப்புடி?"

"அதையும் கழட்டிட்டாரு லா, அப்பதான சுவரு நல்லா வரும். இப்ப ரோலர் வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. நான் மேல துணி எடுக்க வந்தேன். இரு, பாப்பா எந்திரிச்சிட்டா, அழுவுறா. கீழ போய்..."

"ஜூலி, எறங்காத!"

"ஏன், என்னா..."

பேச்சு நின்றது. தூரத்தில் குழந்தை வீறிடுவது கேட்டது.

"லியோ." இப்போது அது கிசுகிசுப்பு. "யாரோ என் கவுனைப் புடிச்சிருக்காங்க."

"நில்லு. அசையாத."

"பின்னால யாருமே இல்ல லியோ. ஆனா புடிச்சிருக்கு. கீழ இழுக்குது."

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். கீழே மூன்றாவது அழுகிறது. இழுப்பை உதறிக்கொண்டு ஓடினால் உருண்டுவிடுவாள்.

"ஜூலி, நான் சொல்றதக் கேளு. அது சின்னப் புள்ள. கண்ணு தெரியாது. அதுக்குப் புடிச்சிக்க ஒண்ணும் இல்ல. கையக் கீழ நீட்டு. புடிச்சிக்கிட்டு எறக்கிவிடு. மெதுவா."

"அம்மா மரியே..."

"நீட்டு ஜூலி."

மூச்சுச் சத்தம். பிறகு ஒரு விசும்பல். "சில்லுனு இருக்கு."

அவள் இறங்க ஆரம்பித்தாள். முதல் அடி அவனுக்குப் போனில் கேட்டது. அதோடு, அவள் மூச்சுக்கு அடியில், அவளுடையதல்லாத ஒரு குரல்.

"ஒண்ணு."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"ரெண்டு... மூணு..."

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. ஒன்பதைத் தாண்டியபோது ஜூலியானா ஒரு கணம் தடுமாறி நின்றாள். கீழிருந்து எண்ணினால் ஏழாவது, அந்த உயரம் கூடின படி. குரலும் நின்றது, காத்திருந்தது, மறுபடி எண்ணியது. பதினாலு. பதினஞ்சு.

"பதினாறு."

"தரைக்கு வந்துட்டேன் லியோ," ஜூலியானா தேம்பினாள். "முடிஞ்சிருச்சி. ஆனா கைய விட மாட்டேங்குது."

லியோனார்ட்டுக்குத் தெரியும், எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. படியடியிலிருந்து தொட்டிலுக்கு எத்தனை எட்டு என்பதும் அவனுக்குத் தெரியும். கட்டினவனே அவன்தானே.

"பதினேழு."

"லியோ, என்னை இழுத்துக்கிட்டு போகுது."

"பதினெட்டு."

தெரெசாவின் அழுகை சட்டென்று நின்றது.

"பத்தொம்பது."

பிறகு ஜூலியானாவின் குரல், இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி.

"என் கைய விட்டுருச்சி."

அவளுக்குப் பக்கத்தில், யாரோ எட்டிப் பிடித்துக்கொண்டதைப் போல, தொட்டில் ஸ்பிரிங் கீச்சென்று ஒரு தரம் இறங்கி, மெதுவாக ஆடத் தொடங்கியது.