மகாராணிக்குப் பிடிக்காத வாசனை

அம்மாவின் கைப்பேசி 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. அந்த ஒரு சத்தத்தில் வீடே இரண்டுபட்டுப் போனது.

உதவி நிறுவனம் ஒன்று அந்த ஊரில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் முன்பே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இப்போ பாதி வரும், அப்புறம் மீதி வரும். இதை வாங்குங்க, அதை வாங்குங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம். உங்க வீட்டுக்கு எது தேவைன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

அப்பா நம்பவில்லை. "சும்மா யாராவது பணம் குடுப்பாங்களா? ஏதோ ஏமாத்து வேலை. முதல்ல அந்த போனை ஆஃப் பண்ணு!"

அம்மா போனை ஆஃப் செய்யவில்லை. வங்கிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பணம் பத்திரமாக இருந்தது.

செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை ஓடி வந்தாள். "பெரிய டிவியா வாங்கிப் போடு. நானும் வந்து பாப்பேன்ல!"

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு, சந்தைக்குப் போய் ஒரு சினை ஆடு வாங்கி வந்தாள்.

வெள்ளை உடம்பு, நீளமான காது, நிமிர்ந்த நடை. அந்த ஆடு கொட்டகைக்குள் நுழையும் முன் நின்று, கூரையை மேலும் கீழுமாகப் பார்த்தது. 'இதிலா நான் இருக்கணும்?' என்று கேட்பது போல் இருந்தது அந்தப் பார்வை. மூத்த மகள் எறும்பு அப்போதே அதற்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டாள்.

எறும்பு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஐந்தாம் வகுப்பு. ஆள் சின்னவள்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் முடிக்காமல் விடமாட்டாள். அதனால்தான் அந்தப் பெயர். அவளுடைய தங்கைக்குப் பட்டாசு என்று பெயர். நான்கு வயது. எப்போது வெடிப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

அப்பா கட்டட வேலை செய்பவர். நகரத்துக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். போன முறை அவர் திரும்பி வந்தபோது, பட்டாசு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு இந்த மாமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று அவர் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. எறும்பு அதைக் கவனித்தாள்.

"இங்க கிடைக்கிற வேலையோட ஆட்டுப் பாலும் குட்டியும் சேர்ந்தா, நீங்க போகாமயே சமாளிக்கலாம். மீதிப் பணம் வந்ததும் இன்னொரு ஆடு வாங்குவோம்" என்றாள் அம்மா.

"ஆடு நமக்குப் பழக்கமில்லாத வேலை. முதல்ல இது போடற குட்டி நிலைக்கட்டும். இல்லேன்னா நான் கிளம்பறேன், மீதிப் பணம் வந்ததும் ரூம் வாடகைக்கு அனுப்பிடு. ஞாயித்துக்கிழமை மேஸ்திரியோட லாரி வருது" என்றார் அப்பா.

அவருடைய பயணப்பை சுவரில் ஆணியில் தொங்கியது. எறும்புக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது.

வியாழக்கிழமை விடியற்காலையில் மகாராணி குட்டி போட்டாள். ஒன்றல்ல, இரண்டு! ஒன்றுக்கு உடம்பெல்லாம் புள்ளி. இன்னொன்று சுத்தக் கறுப்பு. மகாராணி இரண்டையும் நக்கிக் கொடுத்தாள். இரண்டும் தள்ளாடி எழுந்து பால் குடித்தன. அப்பாவின் வாய் காதுவரை போனது.

"கறுப்பி என்னமா இருக்கா பாரு! வளர்ந்தா நல்ல விலை போவா" என்றார்.

எறும்பு பள்ளிக்கூடத்துக்குப் பறந்தாள். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடே உம்மென்று இருந்தது. கொட்டகையில் புள்ளி பால் குடித்துக்கொண்டிருந்தது. கறுப்பி தயங்கித் தயங்கிக் கிட்டே போனது. மகாராணி தலையைக் குனிந்து ஒரே முட்டு! கறுப்பி போய் மூலையில் விழுந்தது.

"மத்தியானத்துலேருந்து இதே கதைதான்" என்றாள் அம்மா. "பாலைக் கறந்து கரண்டியில ஊட்டிட்டேன். ஆனா எத்தனை நாளைக்கு முடியும்? நான் வயலுக்குப் போகணும், நீ பள்ளிக்கூடம் போகணும்."

தையல்கார அத்தை உச்சுக்கொட்டினாள். "தாய் ஒதுக்கின குட்டி தேறாது. நான் அப்பவே டிவின்னு சொன்னேன், கேட்டியா?"

அப்பா உள்ளே போய், பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, மறுபடியும் மாட்டினார்.

எறும்புக்கு அழுகை வந்தது. அழுதால் ஆடு கேட்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். மகாராணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளி மடியில் வாய் வைத்தது. மகாராணி திரும்பி அதன் வாலடியை மோந்து பார்த்தாள். பேசாமல் விட்டாள். கறுப்பி வந்தது. அதன் வாலடியையும் மோந்தாள். முட்டினாள். மறுபடியும் மோந்தாள். மறுபடியும் முட்டினாள்.

'ஓகோ, மூக்குதான் முடிவு செய்கிறதா?'

எறும்பு கறுப்பியைத் தூக்கித் தானும் மோந்து பார்த்தாள். ஆட்டு வாசனையே இல்லை. கம்மென்று மல்லிகைப்பூ வாசனை!

"பட்டாசு! இங்க வாடி!"

பட்டாசு மெதுவாக வந்தாள். வெடிக்கிற முகமாக இல்லை.

"கறுப்பியை என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"உண்மையைச் சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

"குளிப்பாட்டினேன். நல்ல விலை போகும்னு அப்பா சொன்னாருல்ல? அழகா இருக்கட்டுமேன்னு சோப்பு போட்டேன்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு தடவை" என்றாள். "அப்புறம் பவுடரும். வெள்ளையாயிட்டா, அதனால துடைச்சுட்டேன்."

எறும்புக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் பட்டாசின் தோளில் கிடந்த அந்தப் பழைய துண்டு கண்ணில் பட்டது. அது அம்மாவின் துண்டு. அது இல்லாமல் பட்டாசு தூங்கமாட்டாள். ஒருநாள் அம்மா அதை நன்றாகத் துவைத்துப் போட்டபோது, "இது என் துண்டு இல்ல!" என்று அழுது தெருவையே கூட்டிவிட்டாள். அம்மா அதைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்துவிட்டுக் கொடுத்த பிறகுதான் அழுகை நின்றது.

எறும்பு துள்ளி எழுந்தாள். "அம்மா! கறுப்பி மேல மகாராணி வாசனை போயிடுச்சும்மா. அதைத் திரும்ப ஏத்திட்டா சரியாயிடும்!"

முதலில் வெறும் தண்ணீரில் துணியை நனைத்துக் கறுப்பியைத் துடைத்தாள். மகாராணி படுத்திருந்த வைக்கோலை அள்ளி அதன் உடம்பெல்லாம் தேய்த்தாள். அம்மா கறந்து கொடுத்த பாலை அதன் முதுகிலும் வாலடியிலும் பூசினாள். புள்ளியையும் கறுப்பியையும் ஒன்றோடொன்று உரசி, ஒரே கூடையில் படுக்க வைத்தாள். பட்டாசு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீ, நாறுது!" என்றாள்.

"அதுதான்டி வேணும்!"

பிறகு மகாராணியின் கழுத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா கறுப்பியை மடியில் விட்டாள். இரண்டு வாய் குடித்ததோ இல்லையோ, மகாராணி ஓர் உதை விட்டாள். எறும்பு தண்ணீர்த் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.

"போதும்மா, விட்டுடு" என்றார் வாசலில் நின்ற அப்பா.

"முடியாதுப்பா" என்றாள் எறும்பு, தொட்டிக்குள் இருந்தபடியே.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகும் முன் பிடித்தாள். வந்ததும் பிடித்தாள். ஒவ்வொரு தடவையும் வைக்கோல், பால், உரசல். வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாள். எறும்பு அதைப் பொருட்படுத்தவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மகாராணி கறுப்பியை மோந்தாள், முறைத்தாள், ஆனால் முட்டவில்லை. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்ததும் எறும்பு சுவரைப் பார்த்தாள். ஆணி இருந்தது. பையைக் காணோம்.

கொட்டகைக்கு ஓடினாள். அங்கே புள்ளி ஒரு பக்கம், கறுப்பி ஒரு பக்கம், இரண்டும் வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்தன. யாரும் மகாராணியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவளாகவே நின்று, கறுப்பியின் முதுகை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! கறுப்பியைச் சேர்த்துக்கிட்டாப்பா!" என்று கத்திக்கொண்டே எறும்பு தெருமுனைக்கு ஓடினாள். மேஸ்திரியின் லாரி அப்போதுதான் திரும்பி மறைந்தது. புழுதி மட்டும் மிச்சம். நடுத்தெருவில் நின்று எறும்பு ஓவென்று அழுதாள்.

"யாரை வழியனுப்ப வந்திருக்கே?"

திரும்பினாள். அப்பா! தோளில் அதே பை. பையின் வாயிலிருந்து பச்சைத் தழை எட்டிப் பார்த்தது.

"லாரி போயிடுச்சேப்பா!"

"போகட்டும். விடிகாலையில நான் கிளம்பலாம்னு வந்தேன். கொட்டகையில மகாராணி கறுப்பியை நக்கிட்டு நின்னா. உடனே பையில இருந்த துணியை எடுத்துப் போட்டுட்டுத் தழை பறிக்கப் போயிட்டேன். ரெண்டு குட்டிக்குப் பால் குடுக்கிறவ, வயிறு நிறையச் சாப்பிட வேண்டாமா?" அப்பா பையைத் தட்டிக் காட்டினார். "இதுல இவ்வளவு தழை பிடிக்கும்னு எனக்கு இத்தனை நாளா தெரியாம போச்சே!"

மீதிப் பணம் வந்த அன்று, அம்மாவோடு அப்பாவும் சந்தைக்குக் கிளம்பினார்.

"புது ஆடு வந்ததும் குளிப்பாட்டலாமா?" என்று கேட்டாள் பட்டாசு.

"கூடாது!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்தப் பயணப்பை இப்போது வீட்டுச் சுவரில் தொங்குவதில்லை. அப்பா அதன் ஆணியைப் பிடுங்கிக் கொட்டகையில் அடித்துவிட்டார்.