ஐந்து மணிக்குப் போகும் மெசேஜ்

"இந்தப் பதினாலாம் நம்பரை யாருங்க போட்டது?"

எங்கோ கேட்ட குரல்... கேசியா நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி வழிய வாசலில் ஒருவன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களை அவள் கவனித்திருக்கக் கூடாது. கவனித்துவிட்டாள்...

"நான்தாங்க. ஏன், அழகா இல்லியா?"

"அழகாத்தான் இருக்கு. புது லிஸ்ட்டுல பதினாலுன்னா விவாகரத்துங்க."

அவள் புது லிஸ்ட்டை இழுத்துப் பார்த்தாள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் ரங்கையா, போன திங்கட்கிழமைதான் வழக்கு வகைகளுக்கு 'உலகத் தரத்தில்' புது எண்கள் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு ரிப்பன் வெட்டினார். தேங்காய் உடைத்தார். தப்பு எண் போடுகிறவர் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று மைக்கில் முழங்கினார். கேட்டவர்கள் ஒன்பது பேர்.

பழைய பட்டியலில் பதினாலு, கல்யாணப் பதிவு. சித்தூர் ஆபீஸில் நாலு வருஷப் பழக்கத்தில் கேசியாவின் விரல் தானாக அங்கேயே போயிருந்தது. முப்பத்தொரு ஜோடி!

"அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் மெசேஜ் தானா போயிடும்," என்றான் அவன். திருப்பதி ஆபீஸ் ஜூனியர் ஹேமநாத். "'தங்கள் விவாகரத்து மனு தயார்'னு. திருச்சானூர்ல முந்தாநாள் தாலி கட்டினவருக்கும் சேர்த்து."

மணி நாலேகால். வேலை போனால் நைனா அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்... கர்த்தரே!

"எங்க ஆபீஸ் தப்புன்னு சொல்லிடறேங்க," என்றான் ஹேமநாத்.

"இரக்கமெல்லாம் வேணாம். நம்பரைப் படிங்க, மாத்தறேன்."

அவன் படித்தான். அவள் தட்டினாள். முப்பது முடிந்தது. கடைசி ஃபைல் மட்டும் திறக்கவில்லை. பெரியவர் ரங்கையாவின் பாஸ்வேர்டு வேண்டுமாம்.

அவர் அறைக்குள் போனாள்.

"ஏமம்மா?" என்னம்மா என்று தெலுங்கில் கேட்டார் அவர்.

முழுவதையும் சொன்னாள். ரங்கையா கண்களை மூடினார். உலகத் தரமே யோசிப்பது போலிருந்தது.

"புது லிஸ்ட்டுல கல்யாணத்துக்கு என்ன நம்பர்?"

"இருபத்தாறுங்க சார்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்."

மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு வந்தது. சித்தூரில் பட்டியல் தெரிந்த ஒரே ஆளை வீட்டுக்கு அனுப்ப அவர் ஏமாளி அல்ல.

மணி நாலு ஐம்பத்தெட்டு. முடிந்தது! மூச்சு வந்தது... கூடவே ஒரு சந்தேகமும்.

"ஏங்க... தப்பை எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"காலைல... பத்து மணிக்கு."

"போன் இல்லியா உங்ககிட்ட?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"இருக்கு. ஆறு மாசமா அதுலதானே உங்க குரலைக் கேட்டுக்கினு இருக்கேன்... முகத்தைப் பார்க்க ஒரு சாக்கு கிடைச்சுது, பஸ் ஏறிட்டேன். சந்திரகிரிகிட்ட மழையில பஸ் நின்னுபோச்சு."

"முப்பத்தொரு குடும்பத்தைப் பணயம் வெச்சா?"

"தப்புதான். உங்களைப் பிடிச்சிருக்குங்க... பயமா இருக்கு, ஏதாவது சொல்லுங்களேன்."

வேலை போகவில்லை. ஆனாலும் நெஞ்சு ஏன் இன்னும் இப்படி அடித்துக்கொள்கிறது?

"எனக்கும் பயமாத்தான் இருக்கு..." என்றாள் கேசியா, மழையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிடுவீங்களோன்னு."