ஆயிரம் நாள் விதி

திங்கட்கிழமை காலை களைவான் என்ற நிரல் நாலாயிரத்துச் சொச்சம் ஆவணங்களைத் தின்று முடித்துவிட்டு, மேல்கரை மாவட்ட நூலகத்தின் எல்லாத் திரைகளிலும் ‘இடம் கிடைத்தது, மகிழ்ச்சி’ என்று எழுதிக் காட்டியது. யாருக்கு மகிழ்ச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

2084இல் தாள் கிடையாது. எல்லா ஆவணமும் நினைவுக்கட்டையில், மாநிலத்துக்கே ஒரே பிரதி. அதை வைத்துக் காப்பாற்ற மின்சாரம் ஏகமாகச் செலவானதால் ஆயிரம் நாள் விதி வந்தது. ஆயிரம் நாளுக்குள் யாரும் இரவல் வாங்காத ஆவணத்தைக் களைவான் அழித்துவிடும். நூலகத்தில் இருப்பது மட்டுமே ஆதாரம் என்று சட்டமும் போட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் என்ன விபரீதம் ஆகும் என்று யோசிக்க ஒரு தலை போதும். மேலே இருந்த நாற்காலிகளில் அந்த ஒரு தலைக்குத்தான் பஞ்சம். குறிப்புதவி (ரெஃபரன்ஸ்) பிரிவையும் அந்த விதிக்குள் கொண்டுவந்து அன்றோடு ஆயிரம் நாள்.

பத்தரை மணிக்கு அந்தப் பிரிவுக்கு மெகருன்னிசா வந்தாள். கீழ்த்தோப்புக்காரி, ஐம்பத்தைந்து வயது. இருபத்தொன்பது வருஷமாக மூடிக் கிடக்கும் சாய ஆலையை மறுபடி திறக்க யாரோ மனுப் போட்டிருந்தார்கள். மறுநாள் விசாரணை.

“மேடம், ரெண்டாயிரத்து அம்பத்தஞ்சுல எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணாங்கல்ல, அந்த ரிப்போர்ட் வேணும். அத வெச்சுத்தான் ஆலையையே மூடுனாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போனது அந்தத் தண்ணியாலதான்.”

பிரிவின் தலைமை நூலகர் திலகவதிக்கு அந்த அறிக்கை ஏறக்குறைய மனப்பாடம். கிணறு வெட்டப் போகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது அவள் மேசை முன்னால் நின்று, எந்தப் பக்கம் வெட்டலாம் என்று கேட்பார்கள். அவள் திறந்து பார்த்துச் சொல்வாள். சனிக்கிழமைகூடச் சொல்லியிருந்தாள். இப்போது தேடினால் ‘அப்படி ஓர் ஆவணம் இல்லை’ என்றது திரை. அவள் எழுந்தாள். நேரே இயக்குநர் அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள்.

“யாரும் சீந்தாத சரக்கும்மா அது,” என்றார் அவர். “ஆயிரம் நாள்ல எத்தனை இரவல்? பூஜ்யம்.”

“குறிப்புதவி ஆவணத்த இரவலே குடுக்கக் கூடாது சார், அதுதான் நம்ம விதி! ஜனங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க, இல்ல எங்கிட்ட கேட்டுட்டுப் போவாங்க. வாசலத் தாண்டிப் போனத மட்டும் எண்ணிட்டு, யாருமே படிக்கலன்னு சொன்னா எப்படி?”

“பதிவுல இல்லைன்னா நான் என்னம்மா பண்றது?”

“மூணு தடவ உங்களுக்கு எழுதுனேன் சார்!”

அவர் தேடிப் பார்த்தார். “நீங்க எழுதவே இல்லையேம்மா,” என்று திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பொய் சொல்கிற முகம் இல்லை.

திறக்கப்படாத கடிதத்துக்குக் களைவானிடம் நூறு நாள்தான் ஆயுள். அவர் திறக்கவில்லை, ஆகவே அவள் எழுதவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இங்கே பூனை கண்ணை மூடியதும் நிஜமாகவே இருட்டிவிட்டது. இந்த லட்சணத்துக்குப் பெயர் நிர்வாகம்!

மறுநாள் விசாரணையில் திலகவதி எழுந்து நின்று, பதினேழு கிணறுகளில் எதில் எவ்வளவு விஷம் இருந்தது என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். விசாரணை நடத்திய கோட்ட அலுவலர் பொறுமையாகவே கேட்டார்.

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆவணம் இல்லாம நான் எத வெச்சு எழுதறது? வேணும்னா புதுசா டெஸ்ட் பண்ணச் சொல்றேன்.”

புதிதாகச் சோதித்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தது. ஏன் இருக்காது? இருபத்தொன்பது வருஷமாக ஆலை ஓடவில்லை.

“ஆலை ஓடலைங்கறதாலதான்யா சுத்தமா இருக்கு!” என்று மெகருன்னிசா தொண்டை கிழியக் கத்தினாள். அது பதிவாகவில்லை. ஒரு மாதத்தில் ஆலைக்கு உரிமம் வந்தது.

புதிய அறிக்கையை இரவல் பிரிவில் வைத்தார்கள். ஆலைக்காரர்கள் சூதுவாது தெரிந்தவர்கள். ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நியமித்தார்கள். அவன் தினமும் காலையில் வந்து அந்த அறிக்கையை இரவல் வாங்குவான், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பான். இனி எந்தக் களைவானாலும் அதை அசைக்க முடியாது. திலகவதி அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதற்கு, வாசகரிடம் முறைகேடாக நடந்துகொண்டாள் என்று குறிப்பாணை வந்தது. அவன் கொடுத்த புகாரை மட்டும் இயக்குநர் உடனே திறந்து படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்த ஆண்டு நூலக விழாவில், மாவட்டத்திலேயே அதிகம் பயன்பட்ட ஆவணம் என்று கீழ்த்தோப்புக் கிணற்று நீர் அறிக்கைக்கு விருது அறிவித்தார்கள். “குடிக்கிற தண்ணி மேல நம்ம மக்களுக்கு எவ்வளவு அக்கறை பாருங்க!” என்று அருமைநாயகம் நெகிழ்ந்து பேசினார். அரங்கம் கைதட்டியது.

அதே வாரத்தில் மெகருன்னிசா, கிணற்றில் தண்ணீர் சிவப்பாக வருகிறது, யாராவது வந்து பாருங்கள் என்று கோட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தாள். யாரும் வரவில்லை. அலுவலகத்தில் இருந்தபடியே நூலகத்தைக் கேட்டார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று அவளுக்குப் பதில் எழுதி அனுப்பினார்கள்.