வருகை: நூற்றிருபது நிமிடம்

முப்பத்தேழு பேருடைய மைக்கும் மூடியிருந்தது. இசக்கிச்செல்வி ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டாள்; திரையில் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் குறுக்குக் கோடு போட்ட குட்டி மைக் சிவப்பாக இருந்தது. அப்படியிருந்தும் ஹெட்போனுக்குள் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர் இல்லை. வாளியில் ததும்புகிற தண்ணீரும் இல்லை. பலகையில் வந்து மோதி, விலகிப் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் வந்து மோதுகிற தண்ணீர்.

"யார் வீட்டுலயாவது தொட்டி நிரம்பி வழியுதா?" என்று கேட்டாள்.

முகங்கள் எல்லாம் இல்லையென்று தலையாட்டின. கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அருணாசலவடிவு மட்டும் மைக்கைத் திறந்து, "எங்களுக்கு ஒண்ணும் கேக்கல மிஸ். உங்க பக்கம்தான் என்னமோ," என்றாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் இல்லை. மாட்டினாள். இருந்தது. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் அவள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கடல் காற்று வரும், கடல் சத்தம் எட்டாது. ஜன்னலைச் சாத்தினாள், பாடத்தைத் தொடர்ந்தாள். அன்று எட்டு மணி ஆகும்வரை இருபத்தேழு என்ற வருகை எண்ணை அவள் வாயால் சொல்லவே இல்லை.

இருபத்தேழு என்பது ஜெஸ்டின் ரோச்.

துறைமுகச் சரக்கு நிர்வாகத்தில் டிப்ளமோ கொடுக்கும் அந்தத் தனியார் பயிற்சி நிலையத்தில் முன்பெல்லாம் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு உண்டு. பீச் ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடம், கிறீச்சிடும் மின்விசிறி, இடைவேளையில் டீ. பிறகு கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வாரம் மூன்று மாலை, ஆறிலிருந்து எட்டு வரை வீடியோவிலேயே வகுப்பு என்று ஆக்கினார்கள். யார் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்பதை மென்பொருளே கணக்குப் பார்க்கும். நூற்றிருபது நிமிடமும் இருந்தால் முழு வருகை. முகத்துக்கு முகம் பார்க்கிற வேலை இல்லாமல் போனபிறகு, முகத்தைக் காட்டு என்று மிரட்டுகிற வேலைதான் ஆசிரியருக்கு மிஞ்சியது. அந்த வேலையில் இசக்கிச்செல்வியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் வகுப்பில் கேமரா அணையாது, முகம் பாதியாகத் தெரியாது, படுத்துக்கொண்டு பாடம் கேட்கும் சோலி நடக்காது. நிலையத்தை நடத்தும் விஜயராஜ் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மற்றவர்களுக்குச் சொல்வார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜெஸ்டினுக்கு நாற்பது வயது. நாட்டுப் படகில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர், ஏதாவது ஷிப்பிங் கம்பெனியில் கரை வேலைக்குப் போய்விட வேண்டும் என்று சேர்ந்திருந்தார். பிடிபாடு உள்ள நாட்களில் படகிலிருந்தே வகுப்புக்கு வருவார். கரையை ஒட்டிப் போகும்வரை சிக்னல் கிடைக்கும். கடைசியாக வந்த அன்றும் படகில்தான் இருந்தார்.

"மிஸ், கையில பிடிச்சா போன் ஆடுது. கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கட்டுமா?"

"அதெல்லாம் ஆகாது. எங்கயாவது கட்டி வச்சிட்டு முன்னால நில்லுங்க. முகம் தெரியலன்னா ஆப்சென்ட்."

கட்டினார். படகின் பின்பக்கத்துக் கம்பில் நைலான் கயிற்றால் போனைக் கட்டி, அதற்கு முன்னால், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில், நெஞ்சில் நோட்டை அணைத்தபடி நின்றார். கூட வந்த மூன்று பேரும் முன்பக்கத்தில் வலையோடு இருந்தார்கள். வகுப்பு நேரத்தில் குறுக்கே வந்தால் மிஸ் ஏசுவார் என்று அவர்களிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

ஆறு இருபத்திரண்டுக்கு அவர் கட்டம் ஒருமுறை சாய்ந்தது. நிமிர்ந்தபோது அங்கே ஆள் இல்லை. இயந்திரச் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் "ஏலே... ஏலே..." என்று ஒரு குரல் கேட்டது. இரைச்சல் பாடத்தைக் கெடுத்ததால் இசக்கிச்செல்வி அந்த மைக்கை மூடினாள். மூடிய பிறகு, படகுக்குப் பின்னால் வெளுத்து ஓடிய நுரையின் நடுவே ஒரு கை எழுந்ததைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பார்த்தாள்.

"இருபத்தேழு, ஆட்டம் போடாதீங்க," என்றாள். வகுப்பு சிரித்தது.

எட்டு மணிவரை அந்தக் கட்டம் அப்படியே இருந்தது. காலியான படகு மூலை, பிறகு இருட்டு. முன்பக்கத்தில் இருந்தவர்கள் போனில் மிஸ்ஸின் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஜெஸ்டின் படிக்கிறார் என்றே நினைத்தார்கள். திருச்செந்தூர்க் கோபுர விளக்கு தெரிகிற இடத்தில் குரல் நின்றது. அப்போதுதான் பின்னால் வந்து பார்த்தார்கள். வருகைப் பட்டியலில் இருபத்தேழுக்கு நேராக நூற்றிருபது நிமிடம் என்று விழுந்திருந்தது. இசக்கிச்செல்வியும் 'ஓகே' தட்டியிருந்தாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் விஜயராஜ் அந்தப் பட்டியலைத்தான் கொடுத்தார். எட்டு மணிவரை படகில் இருந்த மனிதரை எங்கே தேடுவது? திருச்செந்தூர் கடலில் நான்கு நாள் தேடினார்கள். அவர் விழுந்ததோ தூத்துக்குடிக்கு வெளியே, முயல் தீவுப் பக்கம். அவ்வளவு நன்றாக நீந்துகிறவர் இரண்டு மணி நேரமாவது தாக்குப்பிடித்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட அன்றைக்கே இசக்கிச்செல்வி அந்த வகுப்பின் ரெக்கார்டிங்கை அழித்துவிட்டாள். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு மனிதரின் சாவைவிட அது பெரிய பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த முதல் வகுப்பில்தான் தண்ணீர்ச் சத்தம்.

இரண்டாவது வகுப்பில் சத்தம் இன்னும் பக்கத்தில் வந்திருந்தது. கூடவே ஒரு வாடை. டீசலும் பாசியும் ஈர நைலானும் கலந்து, பூட்டிய அறைக்குள் எந்த வழியாக வந்தது என்று தெரியாமல், அவள் எழுந்து ஜன்னலருகே போனால் அங்கேயும், மேஜைக்குத் திரும்பினால் இங்கேயும், கடைசியில் தன் முந்தானையை முகர்ந்து பார்த்தால் அதிலும் இருந்தது. வகுப்பு முடிந்து பட்டியலைத் திறந்தாள். முப்பத்தேழு பேர் வரவேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு வரி இருந்தது.

இருபத்தேழு. ஜெஸ்டின் ரோச். நூற்றிருபது நிமிடம்.

அழித்தாள். பட்டியல் புதுப்பித்துக்கொண்டது. வரி அங்கேயே இருந்தது.

விஜயராஜுக்குப் போன் போட்டாள். "சாஃப்ட்வேர் கோளாறும்மா. அதைத் தொடாதீங்க," என்றார் அவர். "இப்ப போய் எதையாவது மாத்துனா நமக்குத்தான் கேள்வி வரும்."

மூன்றாவது வகுப்பன்று மதியம் ஜெஸ்டினின் மனைவி பிலோமி அழைத்தாள். அழுது அழுது கரகரத்துப் போன குரல், ஆனாலும் நிதானமாகப் பேசினாள்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எட்டு மணிக்கு அவுக மொகத்தை நீங்க பாத்தியளா?"

"ஏம்மா கேக்குறீங்க?"

"முயல் தீவுக்கு அங்கன வலை போட்ட ஒருத்தர், ஆறரை வாக்குல ஆள் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுதாரு. அது நெசம்னா அங்கன தேடணும்லா மிஸ். மிஸ்ஸு பாத்தேன்னு சொன்னா வேற பேச்சில்லன்னு விசாரிக்க வந்தவுக சொல்லுதாவ. கல்லறையில வைக்க ஒடம்பாவது வேணும். நீங்க நெசத்தைச் சொன்னா போதும்."

நிஜத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது அவள் நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "பாத்தேம்மா. எட்டு மணிக்கு பை சொல்லிட்டுத்தான் போனாரு," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சிரிச்சுக்கிட்டே சொன்னாரு," என்றும் சேர்த்தாள்.

"சிரிச்சாவளா," என்றாள் பிலோமி. அந்தக் குரலில் ஆறுதல் இருந்தது.

மறுபடியும் அழைத்துவிடுவாளோ என்று பயந்து, மாலையில் போனை ஹாலில் கணவன் செல்வதுரையிடம் கொடுத்தாள். "கிளாஸ் முடியற வரைக்கும் கதவைத் தட்டாதீங்க," என்றாள். அவனும் இதற்கெல்லாம் பழகிய மனிதன். டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டான். ஹெட்போனைத் தொடவே அவளுக்குக் கை வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டாள்.

ஆறு மணி. முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முப்பத்தேழு. பிறகு வெயிட்டிங் ரூமில் ஒரு பெயர் வந்து நின்றது.

ஜெஸ்டின் ரோச் – 27.

மறுத்தாள். மறுபடியும் வந்தது. மறுத்தாள். விரல் ஈரமாக இருந்தது, கீபோர்டு பிசுபிசுத்தது, மேஜையின் விளிம்பில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருந்தது. மூன்றாவது தடவை அது அவளைக் கேட்கவில்லை. கட்டம் திறந்தது.

காலியான படகு மூலை. கம்பில் நைலான் கயிறு. பின்னால் சாம்பல் நிறத்துக் கடல்.

"அருணாசலவடிவு, அது யாருன்னு பாருங்க," என்றாள். அருணாசலவடிவு நிமிரவில்லை. யாரும் நிமிரவில்லை. இசக்கிச்செல்வி தன் கட்டத்தைப் பார்த்தாள். மூலையில் குட்டி மைக் சிவப்பாக இருந்தது. அழுத்தினாள். சிவப்பு மாறவில்லை.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் பேசியது.

"எல்லாரும் கேமராவைப் போடுங்க. முகம் தெரியணும்."

அவள் வாய் மூடியிருந்தது. குரல் கணீரென்று, கொஞ்சம் அலுத்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்ன அதே பாடத்தை அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனது. அழித்த வகுப்பு. மாணவர்கள் நோட்டில் எழுதினார்கள். கேட்ட கேள்விக்குத் தலையாட்டினார்கள்.

அந்தக் கட்டத்துக்குள் ஜெஸ்டின் வந்து நின்றார்.

நனையவில்லை. வீங்கவில்லை. நோட்டை நெஞ்சில் அணைத்திருந்தார். முகம் முழுதாக, நெற்றி முதல் தாடை வரை, அவள் எப்போதும் கேட்டபடியே தெரிந்தது. திரையின் ஓரத்தில் மணி ஆறு இருபத்தொன்று.

"உக்காருங்க," என்று கத்தினாள். "ஜெஸ்டின், கம்பைப் பிடிங்க, உக்காருங்க."

அவர் அவளையே பார்த்தார். கோபமில்லை. வருத்தமும் இல்லை. பாடம் கவனிக்கிற முகம்.

ஆறு இருபத்திரண்டு.

அவர் விழவில்லை.

நாற்காலிதான் சாய்ந்தது. அவளுடையது. பின்னால் போனாள். தரையில் முதுகு மோதுவதற்காகக் கண்ணை இறுக்கி மூடினாள். மோதவில்லை. தரை இல்லை. குளிர் முதலில் முதுகில், பிறகு கழுத்தில், பிறகு காதுக்குள். வாய் நிறைய உப்பு. இருட்டில் கையை உதறி மேலே வந்து மூச்சை இழுத்தாள். சுவர் எங்கே? கைக்குச் சுவர் எட்டவில்லை. காலுக்கு எதுவும் எட்டவில்லை. சேலை காலைச் சுற்றியது. எதிரே மேஜை மட்டும் இருந்தது. அதன்மேல் வெளிச்சமாக லேப்டாப். அதில் தன் கட்டம். காலி நாற்காலி.

கையைத் தூக்கினாள். காலி நாற்காலிக்குப் பின்னால், கட்டத்தின் அடியில், ஒரு கை எழுந்தது.

"ஆட்டம் போடாதீங்க," என்றது அவள் குரல்.

முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள்.

"என்னங்க!" என்று அலறினாள். ஹாலில் போன் ஒலித்தது. செல்வதுரை எடுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம்தான், பத்தடிகூட இருக்காது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"பிலோமியா? சொல்லும்மா. இல்ல, உள்ள கிளாஸ் எடுத்துட்டு இருக்கா. அவ சத்தம் கேக்குதுல்லா? எட்டு மணிக்கு மேல கூப்பிடுங்க."

டிவியை அவன் இன்னும் குறைத்தான்.

மேஜை நகரத் தொடங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக, வலை போடப் போகிற படகின் வேகத்தில். வெளிச்சம் ஒரு ஜன்னல் அளவாயிற்று. பிறகு ஒரு போன் அளவு. குரல் மட்டும் தண்ணீர் மேல் தெளிவாக வந்துகொண்டிருந்தது, எட்டு மணி வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது என்று. அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையை வீசினாள், காலை உதைத்தாள், தலையை மேலே வைத்துக்கொண்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையில் வளர்ந்தவள். ஐந்து வயதிலிருந்தே அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும்.